தண்ணீருக்குள் போகும் பக்கம்

என் சமையலறை இழுப்பறையில், திருகாணிகளுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே, ஒரு பித்தளை ஊசி கிடக்கிறது. தைக்கிற ஊசி இல்லை. சுண்டுவிரலில் பாதி நீளம், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிப்பு, இரண்டு முனையும் மழுங்கல். வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற மோட்டரில் சுழல்விசிறியை அச்சோடு பூட்டி வைப்பது இதுதான். விசிறி கல்லில் அடிபட்டால் முதலில் இந்த ஊசி முறியும். அது முறிவதால் மோட்டர் தப்பும். ஒவ்வொரு முறை இழுப்பறையைத் துப்புரவாக்கும்போதும் மனைவி இதை எடுத்துக் குப்பைக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். வேண்டாம் என்று தலையாட்டுவேன். போன மாதம் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வின்டர்தூரிலிருந்து ரயிலேறி, கூர் நகரத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். திரும்பவும் கொண்டுவந்து இதே இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

செத்தவர் அண்ணை. பெயரை எழுதவில்லை, ஊரையும் எழுதவில்லை. எழுதினால் சாம்பலான பிறகும் எழும்பி வந்து, "உதை ஆருக்காக எழுதுறாய்?" என்று கேட்கக்கூடிய மனிதர். சந்தேகம் அவருக்கு ஒரு குணம் இல்லை, உடுப்பு. காலையில் எழும்பியதும் அதைத்தான் முதலில் போட்டுக்கொள்வார். கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டால், "ஏன் கேக்கிறாய்?" என்பார். தொலைபேசி அடித்தால் அது அடித்து ஓயும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். அவரோடு இருந்து இருந்து எனக்கும் அது தொற்றிவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள். அதை அவள் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்று எனக்கு யோசனையாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்குச் சுவிசில் ஏரிக்கரையோரம் ஓர் உணவகம். எனக்கும் அண்ணைக்கும் அங்கே பாத்திரம் கழுவுகிற வேலை, மேலே கூரைக்குக் கீழே ஓர் அறை, இரண்டு கட்டில். நான் அவருக்கு முன்னே வந்து சேர்ந்தவன். தொலைக்காட்சி பார்த்தும் மற்றவர்களிடம் ஏச்சு வாங்கியும் கொஞ்சம் ஜெர்மன் பிடித்திருந்தேன். அண்ணைக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து சொற்கள்தான். அவற்றையும் காசைப்போல எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார். இருவருக்கும் அசூல் வழக்கு, அதாவது அகதித் தஞ்சம் கேட்ட வழக்கு, முடியவில்லை. முடிவு எப்போது வரும், எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. தபால்காரனின் மஞ்சள் வண்டியைக் கண்டாலே யன்னலை விட்டு விலகி நிற்கும் காலம் அது.

அண்ணை ஊரில் சம்மாட்டி. அதாவது சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து, ஆட்களை வேலைக்கு வைத்துக் கடல்தொழில் செய்தவர். அவருடைய வள்ளங்களுக்கு மோட்டர் இருந்தது. அதுவே அவருக்கு வினையாய்ப் போயிற்று. சண்டை தொடங்கிய பிறகு மோட்டர் வைத்திருந்தவனை எல்லாம் கடற்படை பிடித்து, "ஆரை ஏத்தினாய்? எங்க இறக்கினாய்?" என்று கேட்டது. அண்ணையையும் கொண்டுபோனார்கள். வெளியே வந்தபோது அவருடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காது, கரையில் வள்ளங்கள் சாம்பல். சுவிசுக்கு வந்து அசூல் விசாரணையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர், இங்கேயும் ஓர் அதிகாரி பேனையைத் திறந்துகொண்டு "என்ன தொழில்?" என்று கேட்டதும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: புகையிலைத் தோட்டம். அப்படிப் பதிந்தாயிற்று. இனி அது பொய் என்று தெரிந்தால் அவர் சொன்ன மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும், விரல்கள் உட்பட. திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருடைய மனைவி உறவுக்காரர் வீட்டின் பின்னறையில், இவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். இதையெல்லாம் ஒரு முறை காய்ச்சலில் கிடந்தபோது என்னிடம் சொல்லிவிட்டார். காய்ச்சல் விட்டதும் சொன்னதை நினைத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பார்வை முழுதாகப் போகவே இல்லை.

இனி ஷெஃப். இங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள், எங்களுக்கும் அவர் ஷெஃப்தான். பெரிய உடம்பு, சிறிய குரல். சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லும் ஆள். குளிர்காலத்தில் தாரா வேட்டைக்குப் போவார். வாத்தைத்தான் நாங்கள் தாரா என்போம். அதற்கென்றே தட்டை அடி கொண்ட ஒரு வள்ளம் வைத்திருந்தார். சாம்பல் நிறம், தண்ணீரோடு தண்ணீராகப் படிந்து கிடக்கும். நாணலுக்குள் புகுந்து, மரத்தில் செய்த பொய்த் தாராக்களை மிதக்கவிட்டு, உண்மைத் தாராக்கள் இறங்கும்வரை அதற்குள் படுத்திருப்பார். அந்த மரத் தாராக்களுக்கு அவர் வர்ணம் பூசிக்கொண்டிருந்ததை அண்ணை ஒரு நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "இனத்தைக் காட்டித்தான் இனத்தைப் பிடிக்கிறது. விளங்குதோ?" என்றார். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஷெஃபின் பழைய மோட்டர் செத்துப்போனது. வாடிக்கைக்காரர்கள் கூடுகிற வட்ட மேசையில் புது மோட்டர்களின் படப் புத்தகங்கள் பரந்தன. எதை வாங்குவது என்பது அந்த மேசையில் வாரக்கணக்காக ஓடிய கதை. ஆளுக்கொரு நியாயம். தட்டை வள்ளம், ஆழமில்லாத நாணலுக்குள் போகவேண்டும், ஆகவே கால் நீண்ட மோட்டர் சேற்றைக் கிளறும். பாரமானது என்றால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே எழும்பும். வலு குறைந்தது என்றால் எதிர்க்காற்றில் கரை திரும்ப முடியாது. வலு கூடியது என்றால் ஓட்டுவதற்குத் தனியாகச் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும், அந்த வயதில் ஷெஃபுக்கு அதில் விருப்பமில்லை. அந்த மேசையில் வியாழக்கிழமைகளில் வந்து உட்காருகிறவர்களில் ஒருவர் ஊர்ப் பொலிஸ்காரர். சீருடை இல்லாமல்தான் வருவார். சீருடை இல்லாமல் வருவதைத்தான் அண்ணை இன்னும் மோசமாக எடுத்துக்கொண்டார்.

அப்படி ஒரு வியாழன், நான் தட்டுகளை எடுக்கப் போனபோது ஷெஃப் நிமிர்ந்து, "நீங்கள் ஒரு தீவிலிருந்து வந்தவர்கள்தானே. உங்களுக்கு மோட்டர் தெரிந்திருக்கவேண்டுமே" என்றார். பொலிஸ்காரர் பியர் குவளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் நான் சைக்கிள்தான் ஓடினேன் என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். உள்ளே வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பெரிய சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கேட்டது ஷெஃப் இல்லை, தம்பி."

"அவர்தான் அண்ணை கேட்டவர். நான் பக்கத்தில நிண்டனான்."

"வாய் அவரின்ரை. கேள்வி அந்தப் பொலிஸ்காரன்ரை. இது விசாரணை."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. ஷெஃப் ஏன் திடீரென்று தீவைப் பற்றிக் கதைத்தார்? இத்தனை மாதத்தில் எங்கள் நாட்டைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, அங்கே உருளைக்கிழங்கு விளையுமா என்பதுதான்.

அடுத்த திங்கள், உணவகத்துக்கு விடுமுறை நாள், ஷெஃப் எங்கள் இருவரையும் தன் வண்டியில் ஏறச் சொன்னார். மோட்டர் பார்க்கப் போகிறாராம், தூக்க ஆள் வேண்டுமாம். மோட்டரைத் தூக்க அவர் ஒருவரே போதும் என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். அது உண்மையும்கூட. வழி முழுதும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் புதைத்து வைத்திருந்தார். மோட்டர்க் கயிறு இழுத்துக் காய்த்த கை. தெரிந்தவன் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவருடைய பயம்.

கடை என்பது ஏரியோரம் ஒரு கொட்டகை. எண்ணெய் படிந்த மேலுடுப்போடு ஒரு மெக்கானிக். மரத்தாங்கியில் இரண்டு மோட்டர்கள் மாட்டியிருந்தன. ஒன்று புதுசு, பாரம் குறைவு, வலுவும் குறைவு. மற்றது பழசு. ஆனால் ஷெஃபின் வள்ளத்துக்கு அளவெடுத்ததுபோலக் கட்டைக் கால், காற்றை எதிர்க்கப் போதுமான வலு, சோதனை எழுதத் தேவையில்லாத அளவு. ஷெஃபின் கண் பழசிலேயே நின்றது. அவர் குனிந்து குனிந்து பார்த்தார், மெக்கானிக் புகழ்ந்தான், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அண்ணை கொட்டகையின் முகட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். மோட்டரை மட்டும் பார்க்கவில்லை. ஒரு மனிதன் ஒரு பொருளை இவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை நிரூபித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என் முழங்கையைப் பிடித்து, "இதிலை எந்தப் பக்கம் தண்ணிக்குள்ளை போறது எண்டு கேள்" என்றார். நான் மறுத்தேன். அவர் பிடியை இறுக்கினார். நான் கேட்டேன். மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்தான், சிரிப்பு அடங்கியதும் விசிறியைக் காட்டி, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினான். அண்ணை ஆச்சரியப்பட்டுத் தலையை ஆட்டினார். ஷெஃப் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணையின் கோட்டுப் பைகளைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நாளைக்கு முடிவு சொல்வதாக மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிவந்தார். அண்ணை நடித்தது ஷெஃபுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

அறைக்கு வந்ததும் அண்ணை கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அந்தப் பழைய மோட்டரின் தண்ணீர்த் துவாரத்தைச் சுற்றி வெள்ளை படிந்திருக்கிறதாம். எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அது உப்பாம். இத்தாலிக் கடலிலோ எங்கோ ஓடிக் களைத்த மோட்டரை இங்கே கொண்டுவந்து தலையில் கட்டப் பார்க்கிறானாம் அந்த மெக்கானிக். உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் அடைத்திருக்கும், சூடேறி நடு ஏரியில் இறுகிவிடும்.

"அப்ப ஷெஃபிட்டைச் சொல்லுவம்."

"சொல்லிப்போட்டு? தோட்டக்காரனுக்கு உப்பு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால்?"

"அப்ப விடுங்கோ. அவரின்ரை காசு, அவரின்ரை தாரா."

அவர் யன்னலடிக்குப் போனார். யன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி ஏரி இருந்த இடமே தெரியவில்லை. வேட்டை நாட்களில் ஷெஃப் தனியாக அதற்குள்தான் போவார். அண்ணை அந்தப் பனியைப் பார்த்தபடி, "என்ரை தம்பியின்ரை மெசினும் உப்படைச்சுத்தான் நிண்டது. தேடிப் போனம். வள்ளம் கூடக் கிடைக்கேல்லை" என்றார். அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காய்ச்சலில்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஷெஃப் தனியாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னே போய் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. தன்னிடமிருந்த ஜெர்மனில் சொன்னார்: "மோட்டர் நல்லதில்லை. உப்பு. கடல்." அவருடைய மடங்காத இரண்டு விரலும் துடைத்த துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மனைவியை, வழக்கை, எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துவிட்டார். எதற்காக? தாரா சுடுகிற ஒரு வெள்ளைக்காரனுக்காக. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

ஷெஃப் எழும்பிச் சமையலறைக்குப் போனார். தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலோடு திரும்பி வந்தார். மூடியைத் திறந்து, அடியில் ஓடாகப் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி அண்ணையின் உள்ளங்கையில் வைத்தார். "சுண்ணாம்பு" என்றார். "எங்கள் தண்ணீர் இப்படித்தான்." அண்ணை ஒவ்வொரு கிழமையும் அதே கேத்தலில் வினாகிரி என்கிற புளிக்காடியை ஊற்றி அதே வெள்ளையைக் கரைத்துக் கழுவுகிறவர். ஆனாலும் மோட்டரில் வெள்ளையைக் கண்டதும் அவருக்குக் கடல்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. தண்ணீர் உப்பில்லாமலும் வெள்ளை படியும் என்று அந்த மனதுக்கு யார் சொல்வது? அவர் கையை விரித்தபடி நின்றார். ஷெஃப் கேத்தலை மூடினார். "நன்றி" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "புகையிலை" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணையின் வேலைத் தாளில் பழைய தொழில் என்று பதிந்திருந்தது அதுதான்.

அந்தச் சொல்லோடு எங்கள் நித்திரை போனது. அண்ணை தன் பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஜெர்மனிக்குப் போகலாமா, பிரான்சுக்குப் போகலாமா என்று யோசித்தார். ஷெஃப் பழைய மோட்டரையே வாங்கி வள்ளத்தில் மாட்டினார், எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. முன்னே போலவே பாதியை விழுங்கிப் பாதியைச் சொன்னார், ஆனால் இப்போது அந்த விழுங்கிய பாதி எங்களைப் பற்றியது என்று தோன்றியது. இடையில் ஒரு நாள் அண்ணை, "ஷெஃபுக்கு என்னைப் பற்றி முதலே நீதான் சொல்லியிருப்பாய்" என்றார். நான் ஏசினேன். இரண்டு பேரும் முகம் பார்க்காமல் ஒரே தொட்டியில் தட்டுக் கழுவினோம்.

பிறகு வந்தது ஒரு வியாழன். வட்ட மேசையில் ரொட்டி வைக்கப் போயிருந்தேன். பொலிஸ்காரர் ஷெஃபிடம் சாதாரணமாகக் கேட்டார்: "மோட்டர் வாங்க உன் தமிழர்களையும் கூட்டிப்போனாயாமே. அந்த மூத்தவன் என்ன ஆள், கடல்காரனா?" வம்புக்குக் கேட்டாரா, யாரோ கேட்கச் சொல்லிக் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ரொட்டிக் கூடை என் கையில் ஒட்டிக்கொண்டது. ஷெஃப் இறைச்சியை வெட்டி, வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"அவனா? மோட்டரில் எந்தப் பக்கம் தண்ணீருக்குள் போகும் என்று மெக்கானிக்கைக் கேட்டவன். வேண்டுமானால் போய் விசாரித்துப் பார். புகையிலைத் தோட்டக்காரன்."

மேசை முழுதும் சிரித்தது. பொலிஸ்காரரும் சிரித்தார். அண்ணை ஆடிய அந்தக் கூத்தை ஷெஃப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, சாட்சியோடு அவருக்காகவே செலவழித்தார். நான் உள்ளே ஓடிப்போய் அண்ணையிடம் அப்படியே சொன்னேன். அவர் கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏன் எனக்காகப் பொய் சொல்லுறார்? என்ன வேணுமாம் அவருக்கு?"

ஆனால் பை கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வந்தது. அடுத்த விடுமுறைத் திங்கள், சமையலறையிலிருந்து வினாகிரிப் போத்தல் ஒன்று காணாமல் போனது. நான் ஏரிக்கரைப் பக்கம் போனபோது, வள்ளக் கொட்டகைக்குள் அண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு வாளிக்குள் மோட்டரின் காலை இறக்கி, தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வினாகிரியைப் போகவிட்டுக்கொண்டிருந்தார். கைகள் பைக்குள் இல்லை. அந்த மோட்டரை அவர் திருப்பிய விதத்தைப் பார்த்தபோதுதான் அவர் ஊரில் யாராக இருந்திருக்கிறார் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கியது. ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பருவத்தில் முதல் தாரா சமைத்த நாள், மோட்டரில் ஏன் வினாகிரி மணக்கிறது என்று ஷெஃப் யாரிடமும் கேட்கவில்லை. எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வந்தது. அண்ணையின் தட்டுக்குப் பக்கத்தில், முள்ளுக்கரண்டிக்கும் கத்திக்கும் நடுவே, இந்தப் பித்தளை ஊசியை வைத்துவிட்டு ஷெஃப் போனார். மோட்டரோடு வந்த உபரி ஊசி.

அண்ணை அதைத் தொடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் என் பக்கம் தள்ளினார். "நீ வைச்சிரு. என்னட்டை இருந்தால் கேள்வி வரும்."

அவருக்கு அனுமதி கிடைத்தது. மனைவி வந்தார். கூர் நகரத்தில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை எடுத்துப் போனார்கள், அங்கேதான் மகள் பிறந்தாள். அண்ணையின் மனைவி அவரைவிட வாய் இறுக்கம், எனக்கு முன்னே ஒரு நாளும் கடல் என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை. பிறகு அண்ணை சுவிஸ் பிரசையானார். இனி என்ன பயம் என்று கேட்டேன். "தந்தவனுக்கு எடுக்கவும் தெரியும்" என்றார். ஷெஃப் செத்தபோது சொல்லாமல் கொள்ளாமல் கூரிலிருந்து வந்து, தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகையில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் செத்தவீட்டில் எல்லாம் முடிந்த பிறகு மகள் என்னிடம் வந்தாள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கேட்பதற்கு மிஞ்சியிருந்தவன் நான்தான். தாதியாக வேலை செய்கிறாள். கண்ணீர் காய்ந்த முகத்தோடு, சுவிஸ் வாடை அடிக்கிற தமிழில், "மாமா, அப்பா ஊரில புகையிலைத் தோட்டம்தானே செய்தவர்? ஆனால் கடைசி நாளுகளில எங்கட ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் வயரைப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்துக்கொண்டே இருந்தவர். ஒரே இழுவை. அது ஏன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். மோட்டரைக் கிளப்பக் கயிற்றை இழுப்பது அப்படித்தான். என் கை சட்டைப் பைக்குள் ஊசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்கத்தான் ரயிலேறி வந்திருந்தேன். ஆனால் அவள் பின்னால் யார் யாரோ நின்றார்கள், கதவு திறந்திருந்தது. தன் சொந்தப் பிள்ளைக்கே சொல்லாமல் காத்த ஒன்றை, அவர் இல்லாத வீட்டில் எடுத்துப் போட எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் பிள்ளை, புகையிலைதான்" என்றேன். "நல்ல தோட்டக்காரன்."

ஷெஃப் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஊசி இப்போது இழுப்பறையில், திருகாணிகளுக்கு நடுவே கிடக்கிறது. இன்னும் முறியவில்லை.